ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள்

காங்கிரஸில் வேலை என்றதும்
விருதுநகரிலிருந்து என் கொழுந்தன் கேட்டான்:
"கதர் கட்டச் சொல்லுவாங்களா மதினி?"

இல்லை.
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் அடிக்கோல் கொடுத்தார்கள்.
இரண்டு அவையும் நிறைவேற்றியது
தடித்த தாளில் அச்சாகி வரும்.
அவையில் சொன்னதற்கும் தாளில் வந்ததற்கும் நடுவே
காற்புள்ளி ஏதும் தவறியிருக்கிறதா என்று பார்ப்பேன்.
அவ்வளவுதான் இந்தக் குடியரசில் என் பங்கு.
பத்தொன்பது ஆண்டில் இரண்டு பிழை விட்டிருக்கிறேன்.
ஒன்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த மார்ச்சில் வந்தது ஒன்றரைப் பக்கம்.
எங்களைக் கேட்காமல் தொடங்கிய போரை
நாங்கள் சொல்லி நிறுத்துகிறோம்,
கப்பல்கள் திரும்ப வேண்டும் என்றது.
'வேண்டும்' நான்கு இடத்தில்.
நான்கையும் அடிக்கோலை வைத்து வைத்து வாசித்தேன்.

வெர்னல் டூலி சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.
தாளைக் கொண்டுபோய் வெள்ளை மாளிகையில் சேர்ப்பது அவர் வேலை.
ஒன்றரை மைல்.
சிக்னல் மனது வைத்தால் எட்டு நிமிடம்.
அவர் மகள் அந்தக் கப்பல்களில் ஒன்றில்
ரேடார் திரை பார்க்கிறாள்.
அதை அவர் அன்று சொல்லவில்லை.
உறையைப் பக்கத்து இருக்கையில் வைத்து
அதற்கு பெல்ட் போட்டார்.

எங்கள் குன்றிலிருந்து போகும்போது சரிவு,
வரும்போது ஏற்றம்.
இந்த ஊருக்குத் தெருப் போட்டவன்
தெரிந்துதான் போட்டானோ.

சட்டம் அதிபருக்குத் தருவது
ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள்.
செர்ரிப் பூப் பார்க்க வந்த கூட்டம்
நாங்கள் கார் நிறுத்தும் தெருவையெல்லாம் பிடித்துக்கொண்டது.
டூலி வழக்கம்போல் காப்பிக் கோப்பையின் விளிம்பைக் கடித்தார்.
எட்டாம் நாள் பிற்பகல்
அவையின் வாசலில் ஒருவர் வந்து தலைகுனிந்து
"அதிபரிடமிருந்து ஒரு செய்தி" என்றார்.

வந்தது எங்கள் தாளேதான்.
கையெழுத்துக்கென்று விட்ட இடம்
விட்டபடியே இருந்தது.
அவ்வளவு வெள்ளையை
வேறெந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

தேர் இழுத்த ஊர்க்காரி நான்.
சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன்
தேருக்குப் பகையில்லை என்று தெரியும்.
வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கலாம்,
கட்டை ஒருத்தன் கையில்தான் இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் தேர் திருப்பத்தில்
யார் வீட்டுக்குள்ளாவது போய்த்தான் நிற்கும்.
இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் இங்கே தேரை ஓடவிட்டது அந்த ஒற்றைக் கை.
கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்
வடம் பிடிக்க வேண்டிய கூட்டம்.
அந்தக் கட்டைக்கே ஒரு கட்டை போட்டாயிற்று.

மறுபடி வாக்கெடுத்தார்கள்.
மூன்றில் இரண்டு பங்கு என்றால் இருநூற்றுத் தொண்ணூறு.
இருநூற்று எழுபத்து நான்கு பேர் 'ஆம்' என்றார்கள்.
நூற்று அறுபத்தொரு பேர் 'இல்லை' என்றார்கள்.
'இல்லை' வென்றது.

கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
பெருக்குபவர்கள் வந்து
இருக்கைகளுக்கு அடியிலிருந்து
மிட்டாய்க் காகிதங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒலிபெருக்கியை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள்,
துடைப்பம் போகும் சத்தம்
மாடம் வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை
எங்கோ ஒரு சிற்றூர்த் தபால் நிலையத்துக்குப்
பெயர் சூட்டும் சட்டம் வந்தது.
ஒருவரும் எதிர்க்காதது.
அதிபர் பார்த்த உடனே கையெழுத்துப் போடுவார்.
ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பினேன்.
டூலி உறையை வாங்கிக்
காரின் டிக்கியில் போட்டு மூடினார்.

சாவியைத் திருப்பும் முன்
"அங்கே இப்போது ராத்திரி" என்றார்.
சரிவில் வண்டி
தானாகவே நகரத் தொடங்கியிருந்தது.