ரசமட்டம்

எனக்கும் மகளுக்கும் பஸ்ஸில் காசில்லை.
அவருக்கு முழு டிக்கெட், பையனுக்கு அரை.
மாட்டுத்தாவணியிலிருந்து நத்தம் ரோட்டில்
முக்கால் மணி நேரம்.
இறங்கியதும் ஒரு வளைவு,
வளைவுக்குப் பின்னால் மாமரம், மாமரம், மாமரம்,
அதற்கும் பின்னால்
சுண்ணாம்பு வெள்ளையில் செங்குளம் ஜமீன் பங்களா.

பெரியவருக்கு இருபது, பிள்ளைக்குப் பத்து,
செல்லில் படம் எடுத்தால் ஐம்பது.
ஐம்பதையும் கட்டினார் சோலைராசு.
ஒரு நாள்தானே என்றார்,
காணும் பொங்கலன்றுகூட
யார் வீட்டுத் தரையிலோ முட்டி போட்டிருந்தவர்.

எல்லாரும் அண்ணாந்து
தேக்கு உத்தரத்தைப் பார்க்க
இவர் மட்டும் குனிந்தே வந்தார்,
விழுந்த சில்லறையைத் தேடுகிறவர் மாதிரி.

சுவருக்குப் பூசியது முட்டை வெள்ளைக்கரு
என்றார் கூட வந்து விளக்கியவர்.
எத்தனை முட்டை? இது மதுநிஷா.
அதுக்கெல்லாம் கணக்கில்ல பாப்பா.
எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு இருக்கு,
ஆளுக்கு ஒண்ணு.
கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பதினான்கு அறை, எண்ணினேன்.
எல்லா வாசலிலும் சிவப்புக் கயிறு.
குளிக்கிற அறை மட்டுமே
நாங்கள் ஐந்து குடும்பம் குடியிருக்கும்
காம்பவுண்டு அகலம்.
நடுவில் சிங்கக் கால் வைத்த தொட்டி,
தொட்டிக்குள் ஒரு பல்லி.
பொறாமை வரும் என்றுதான் நினைத்தேன்.
வந்தது வேறு:
அடுப்படி அந்தக் கோடியில்.
இவ்வளவு தூரம் வெந்நீரை
எவள் தூக்கி வந்திருப்பாள்?

தர்பார் மண்டபத்தில் கயிறு இல்லை.
கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல்.
கிருத்திக்கின் டவுசர் பையில் கைவிட்டு
ஒரு கோலிக்குண்டை எடுத்தார்,
தரையில் வைத்தார்,
தானும் படுத்துவிட்டார்.
கன்னம் கல்லில், ஒரு கண் மூடி.
எந்திரிங்க, மானம் போகுது.
கோலி அசையவில்லை.
எத்தனை ஆயிரம் கால் நடந்தும்,
ரசமட்டம் பிடித்த கை மண்ணாகி
எத்தனை காலம் ஆகியும்
அசையவில்லை.
"பாத்தியா" என்றார், என்னைப் பார்க்காமலே.
எங்கள் கல்யாண வீடியோவில்கூட
அந்த முகம் கிடையாது.

தெற்கு மூலையில் வைத்தபோது மட்டும்
உருண்டு ஓடி
காவல்காரர் இருளப்பன் செருப்பில் முட்டியது.
யோவ் என்று வந்தவரிடம்
படுத்தவாக்கிலேயே சொன்னார்:
இந்த நாலு கல்லு பின்னால போட்டது, அண்ணே.
அடியில கலவை பத்தல.
தட்டிப் பாருங்க, முத்துன தேங்கா மாதிரி கேக்கும்.
இருளப்பன் தடியால் தட்டினார்.
அடுத்த கல்லில் தட்டினார்.
மறுபடி இதில்.
திட்ட வந்த மனுசன்
செல் நம்பர் எழுதி வாங்கிக்கொண்டு போனார்,
எங்கள் ஐம்பது ரூபாய் டிக்கெட்டின் பின்பக்கம்.

மான்கள் என்று போர்டு இருந்தது.
கூண்டில் ஒரு மயில்,
அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.
தோப்பில் போர்வை விரித்துத் தக்காளிச் சோறு.
என் பங்கு அவித்த முட்டையைக் குரங்கு தூக்கிப் போய்
மதில்மேல் உட்கார்ந்து
என்னைவிடப் பொறுமையாகத் தோல் உரித்தது.

பஸ்ஸில் செல்லைத் திறந்தேன்.
ஒன்பது படம்.
ஒன்பதும் தரை.
ஒன்றின் ஓரத்தில் மட்டும்
மிஞ்சியோடு என் ரெண்டு விரல்.
கூப்பிடுவாங்களா என்று கேட்டேன்.
அவர் தூங்குகிற மாதிரி இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன்.
நான்தான் ஓடி எடுத்தேன்.
அனுப்பானடியில் ஒரு கக்கூஸ்,
நாலுக்கு ஆறு,
தண்ணி தேங்காம வாட்டம் சரியா வரணும்.

பையன் எழுந்திருக்கவில்லை.
தலையணைக்கு அடியில் துழாவிக்
கோலியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.
இங்கே அது உருள வேண்டும்.