தெவிட்டல்

வாலிநோக்கம். உப்பளத்துக்குப் பின்னால்
யாரோ கைவிட்ட ஐஸ் குடோன்.
உள்ளே ஒரு பச்சை லேசர்,
லென்ஸ் கழற்றிய கேமரா,
ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிய சகுபர்,
நான், ஆறிய டீ.

விடிந்தால் வல்லத்தில் ஏறி
கடலடி ஆழம் பார்க்கப் போகிற கற்றை.
அதற்குள் அதன் தேகம் தெரிய வேண்டும்.
நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு,
எந்த இடத்தில் அது இல்லாமல் போகிறது.

சகுபர் எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டிருந்தான்.
திரையில் சந்தனக்கூட்டு விளக்குகளாய்
சிவப்பு, மஞ்சள், நீலம்.
"செமையா இருக்குக்கா. அனுப்பிரவா?"

இருக்கும்.
ஆட்டோவுக்கு நம் மனம் கோணாமல் நடக்கத் தெரியும்.
மங்கலை ஏற்றும், பளிச்சை இறக்கும்,
கேட்டால் ஒன்றுமறியாத மாதிரி நிற்கும்.
அணைத்தேன். கெயினைத் தரைக்குக் கொண்டுவந்தேன்.
காமாவை ஒன்றில் கட்டினேன்.
இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு
இரண்டு மடங்கு எண் வராவிட்டால்
அது அளவை இல்லை, ஜோடனை.

அப்போதுதான் தெரிந்தது, குன்றுக்கு உச்சி இல்லை.
4095, 4095, 4095,
மிதித்து இறுக்கிய வரப்பு மாதிரி தட்டை.
அதற்கு மேல் எண்ண அந்தப் பிக்சல்களுக்குத் தெரியாது.
தெவிட்டிவிட்டன.

வெளியே பாத்தித் தண்ணீரும் தெவிட்டும்.
அங்கே மிஞ்சியது அடியில் உப்பாய் விழும்,
வாரலாம், குவிக்கலாம், லாரியில் ஏற்றலாம்.
இங்கே மிஞ்சியது
எங்கேயும் விழவில்லை.

கறுப்பு ஃபில்டர் இன்னொன்று சொருகினேன்.
எண்ணூறு மைக்ரோசெகண்டை நூற்றிருபதாக்கினேன்.
3300. குன்றுக்கு ஒரு தலை வந்தது.
கச்சான் கூரைத் தகரத்தை உலுக்கும்போதெல்லாம்
அந்தத் தலையும் ஆடியது.
நூறு படம் எடுத்துச் சராசரி பார்க்கச் சொன்னேன்.

பிறகு கற்றையை அட்டையால் மறைத்து
இருட்டைப் படமெடுத்தோம்.
இருட்டு பூஜ்யம் இல்லை. அறுபத்தொன்று.
கதவிடுக்கில் உப்பள கேட்டின் டியூப்லைட்.
சகுபர் சாக்கைத் திணித்தான், ஐம்பத்தாறு.
மீதி கேமராவின் சொந்தச் சூடு.
கழித்தபோது ஓரத்தில் சில எண்கள்
பூஜ்யத்துக்குக் கீழே போயின.
"மைனஸ்ல வெளிச்சமாக்கா? வெட்டிரவா?"
வெட்டாதே.
மேலே துள்ளுவதை மட்டும் வைத்துக்கொண்டால்
கற்றை பொய்யாக ஊதும்.

இன்னும் இடப்பக்கம் ஒரு கடி.
ஃபில்டரைச் சுழற்றினேன், கடியும் கூடவே சுழன்றது.
காற்று கொண்டுவந்து ஒட்டிய
ஒரு பொடி உப்பு.

துடைத்தேன். கடி போனது. வட்டம் வரவில்லை.
"நசுங்கித்தான் இருக்குக்கா, இப்பவும்."
ஆமாம். அகலம் 2.31 மில்லி, உயரம் 2.74,
இடப்புறம் மெல்லிய வால்.
எழுதினேன். வாலையும் எழுதினேன்.
நாலரைக்குக் கரையில் மோட்டார் சத்தம் கேட்டது.

முதல் படத்தை சகுபர் அழிக்கவில்லை.
போனைத் திறக்கும்போதெல்லாம்
சந்தனக்கூடு எரிகிறது.
அழகாகத்தான் இருக்கிறது.