பதினோராம் பக்கம், கீழ் மூலை

எஸ்தர் ஞானாபரணம் கலை விமர்சகர் என்பது
மனாமாவில் ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும்.
மற்றவர்களுக்கு அவர்
மினா சல்மானில் கப்பல்களுக்கு
வெங்காயமும் கயிறும் குடிநீரும் ஏற்றுகிற கம்பெனியில்
கணக்கு பார்க்கும் மேடம்.
விசாவிலும் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆங்கிலப் பேப்பரில்
இருநூற்று நாற்பது சொல், ஐந்து தினார்.
புதன் மாலை ஃபேக்ஸ் வரும்.
சில தடவை அதனோடு
உருளைக்கிழங்கு மூட்டைக் கணக்கும் சேர்ந்து வரும்.

பக்கம் போடுகிறவன் நான்.
ஓவியம் தெரியாது, அங்குலம் தெரியும்.
விளம்பரப் பிரிவிலிருந்து ஜோக்கிம் இறங்கி வந்து
டயர் கடைக்கு இன்னும் ஒரு அங்குலம் என்பான்.
வெட்டுவதென்றால் கீழிருந்துதான் வெட்டுவோம்.
அவருடைய கடைசி வரி
பத்தொன்பது வருஷம்
டயருக்கும் ஏசிக்கும் ரம்ஜான் தள்ளுபடிக்கும் போனது.

அச்சில் வந்தது ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.
வெட்டியதுதான் நிற்கிறது.

முத்துக்குளிப்பை வரைந்தவருக்கு:
"பதினாறு பேர் மூழ்குகிறார்கள்,
ஒருவர் மூக்கிலும் கிடுக்கி இல்லை."

வங்கிக் கூடத்தில் மாட்டிய குதிரைகளுக்கு:
"குதிரைகள் நன்றாக இருக்கின்றன.
வங்கியும் நன்றாக இருக்கிறது."

தண்ணீர் லாரிகளை மட்டுமே வரைந்த
முஹரக் பெண் ஒருத்திக்கு:
"இப்போது வாங்காதீர்கள்.
இவை இன்னும் கொஞ்ச காலம் அவளுக்கே வேண்டும்."

ஆறாவது வருஷமோ ஏழாவதோ, கண்டுகொண்டார்.
சண்டைக்கு வரவில்லை.
கடைசி வரியை எனக்கு எழுத ஆரம்பித்தார்.

"மூன்றாம் பத்தியில் ஒரு எழுத்துப்பிழை, பார்த்துக்கொள்ளுங்கள்."
"இன்று கடலே தெரியவில்லை, ஒரே புழுதி. உங்கள் பக்கம் எப்படி?"
"உங்கள் டயர் விளம்பரத்தில்
நிழல் தப்பான பக்கம் விழுகிறது."

படிப்பேன், வெட்டுவேன்.
தாளின் தலையிலேயே ஃபோன் நம்பர் இருந்தது.
ஒரு நாளும் சுழற்றியதில்லை.

ஒரு மார்ச்சில் டயர் கடை பணம் கட்டவில்லை.
நான் மக்ரிப் தொழுதுவிட்டுத் திரும்புவதற்குள்
இரவு ஷிப்ட் பையன் முழுசையும் இறக்கிவிட்டான்.
மந்திரி திறந்துவைத்த கண்காட்சி,
நூற்றுப் பன்னிரண்டு கித்தான்.
விமர்சனத்தின் அடியில், பேப்பர் முழுக்கப் போனது இது:
"மத்தியானம் சாப்பிட்டீர்களா?"

கேலரிக்காரர் ஆசிரியரைக் கூப்பிட்டு
இப்படியொரு வரியா என்று நெகிழ்ந்தார்.
பேராசிரியர் ஒருவர்
கலைக்கும் பசிக்கும் உள்ள உறவு பற்றி
மூன்று பத்திக் கடிதம் எழுதினார்.
ஓவியர் மட்டும் மாதக்கணக்கில் கோபமாக இருந்தார்.
ஐந்து தினார் ஏழானது.

அடுத்த புதன் வந்த தாளில்
கடைசி வரி இல்லை.
சரியாக இருநூற்று நாற்பதில் நின்றிருந்தார்.
அதற்கப்புறம் எப்போதும் அப்படித்தான்.

கம்பெனி கைமாறி, விசா முடிந்து, போய்விட்டார்.
இப்போது நாசரேத்திலிருந்து கடிதம்:
புத்தகம் போடுகிறாராம்,
பழைய ஃபேக்ஸ் ஏதாவது என்னிடம் இருக்குமா என்று.

இருக்கிறது. முந்நூறுக்கு மேல்.
டிராயரைத் திறந்தால் எல்லாம் வெள்ளை.
அந்தத் தாள் அப்படித்தான், சூட்டில் எழுதி
சூட்டிலேயே அழியும்.

நினைவிலிருந்தவரை எழுதி அனுப்புகிறேன்.
கீழே ஒரு அங்குலம் மிச்சமிருக்கிறது.

அன்று சாப்பிடவில்லை, மேடம்.
ஒரு சமோசா, அவ்வளவுதான்.