பதின்மூன்று நாள்

தௌகவ்பில்ஸ் ஆவணக் காப்பகம், மூடும் நேரம்.
வெல்தா விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறாள்,
பள்ளிப் பிள்ளை மாதிரி.

ஜனவரி பத்து: மாவுமில்காரன் கடிதம்.
ஜனவரி பதினேழு: ஊர் எரிந்தது, பெர்லின் நாளேட்டின்படி.
காட்டிக்கொடுத்தவன் அவன்தான் என்று
அவள் புத்தகம் சொல்லிப் பத்தொன்பது வருடம்.

கடிதத்தில் பழைய நாட்காட்டி.
நாளேட்டில் புதியது.
அவன் எழுதியபோது
சாம்பல் ஆறி ஆறு நாள்.

யாரும் கேட்கவில்லை.
மதிப்புரைகள், ஒரு பரிசு, நான்கு பதிப்பு.
மில்காரன் பேத்தி மட்டும்
கடைப்பலகையில் குடும்பப் பெயரைச்
சுரண்டி எடுத்திருந்தாள்.

பதிப்பகத்துக்கு எழுதுகிறாள்:
அந்தத் தீக்கு அவன் காரணமில்லை.

பேனா நிற்கிறது.
கடிதத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன.
ஊர் எரிந்த பிறகும்
அவன் எழுதிக்கொடுத்த பெயர்கள்.

அதையும் எழுதுகிறாள்,
பேத்திக்குப் போகும் பிரதியிலும்
வெட்டாமல்.