நீக்கச் சொன்ன சத்தம்

நாற்பத்தோரு மணி நேரம்
அவினாசியப்பனைக் கேட்டிருக்கிறேன்.
பார்த்தது குறைவு. என் வேலை அப்படி.
காலருக்குள் மைக் குத்தும்போது
நெஞ்சு முடியில் கிளிப் மாட்டி இழுத்துவிடும்.
"மெதுவாங்க" என்பார்.
நடுவரின் பல்லை உடைத்த மனிதர்
என்னைக் கடிந்தது அவ்வளவுதான்.

இயக்குநரிடம் இருந்தது ஒரே கேள்வி.
இறுதியாட்டம், எண்பத்தெட்டாம் நிமிடம், பெனால்டி.
கொல்கத்தாவில் கூட்டம்
அபினாஷ் அபினாஷ் என்று
தன் வாய்க்குத் தோதாக அவர் பெயரைக் கத்த,
புள்ளியில் வைத்த பந்தை
இரண்டு கையாலும் எடுத்துக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வெளிவாசல் வழியே போய்
டாக்சி ஏறிவிட்டார்.
ஏன்?

திருப்பூரில் ஓவர்லாக் மெஷின்கள் ஓயும்வரை
ஒலிப்பதிவு செய்ய முடியாது.
இரவு பதினொன்றுக்கு உட்காருவோம்.
காதர்பேட்டையில் எடுத்த கழிவு ஜெர்சியோடு வருவார்,
முதுகில் எவனோ வெள்ளைக்காரன் பெயர்
ஓர் எழுத்து குறைவாக.
அதனால்தான் கப்பல் ஏறவில்லை அந்தச் சட்டை.
"எம்பது ரூவாங்க."

முதல் நாள் சொன்னார்:
"ஒண்ணுக்கு முட்டுச்சுங்க, போயிட்டேன்."
மூன்றாம் நாள், குடித்திருந்தார்:
"அந்தக் கோலி எங்கூட ஒரே ரூமுல படுத்தவனுங்க.
எந்தப் பக்கம் பாய்வான்னு எனக்குத் தெரியும்.
தெரிஞ்சுட்டு அடிக்கறது வெளையாட்டுங்களா?"
இயக்குநர் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.
படம் கிடைத்துவிட்டது.
மறுநாள் காலை, பல் விளக்கியபடி:
"நேத்துச் சொன்னது பொய்ங்க.
அந்தப் பையன் பேருகோட எனக்குத் தெரியாது."

பல்லடத்தில் பேக்கரி வைத்திருக்கிறார்
அன்றைய நடுவர் பெனடிக்ட்.
தேங்காய் பன்னைப் பாதியாய் அறுத்துக்கொண்டே
கட்டின பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினார்.
"ஆப்சைடு இல்லைங்க அது. அவன் சொன்னதுதான் சரி.
விசில் ஊதினப்பறம் என்ன பண்றது."

கோதைநாயகி கேமராவுக்கு வரவில்லை.
குரல் மட்டும் என்றதும் சம்மதித்தார்.
விவாகரத்தாகி ஆறு வருடம்.
"தூங்கமாட்டாருங்க.
ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பூட்ஸைக் கழுவுவாரு.
காயவெச்சு எடுத்து மறுபடி கழுவுவாரு.
மாத்திரை குடுத்தாங்க, போட்டா கால் எங்கயோ இருக்குதுன்னு
தூக்கி எறிஞ்சுட்டாரு.
கெட்டவருன்னு போட்டுறாதீங்க."
பதினாலு நொடி மின்விசிறிச் சத்தம்.
"நல்லவருன்னும் வேண்டாம்."

இதற்கெல்லாம் நடுவே அந்தச் சத்தம்.
டொக். டொக்.
எட்டு நாளுக்கொருமுறை தண்ணீர் வரும் இரவில்
எடுத்த பதிவுகளில் மட்டும்
கூரைக்கு மேலே யாரோ கதவு தட்டுவதுபோல.
"எடுத்துரு" என்றார் இயக்குநர்.
எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல்
எதை எடுப்பது?
மொட்டைமாடி ஏறினேன்.
கறுப்புத் தொட்டியின் மூடியை நகர்த்தி
டார்ச் அடித்தால்
தோல் உரிந்து, பாசி பிடித்து,
அந்தப் பந்து.

"மூடிய முட்டுச்சுன்னா மோட்டார நிறுத்தோணும்"
என்றார் கீழேயிருந்து.
"மொதல்ல ரொம்பி வழிஞ்சு
கீழ்வீட்டுக்காரரு ஒரே சத்தங்க."

இயக்குநரிடம் நான் இதைச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

கடைசி இரவு. மறுபடி அதே கேள்வி.
அவர் வாயைத் திறந்தார், மூடினார்,
முகத்தை ஒருபக்கமாகத் திருப்பினார்.
டொக்.
"ரொம்பிருச்சுங்க" என்றார். "நிறுத்துங்க."
கேமராவை மெல்ல இறக்கினோம்.
நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

படம் அங்கே முடிகிறது.
டொக்கை எடுத்துவிட்டேன். சுத்தமாக, தடமில்லாமல்.
கோயம்புத்தூரில் திரையிட்ட அன்று
ரொம்பிருச்சுங்க, நிறுத்துங்க,
என்று அவர் சொல்லித் திரை இருண்டதும்
முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.
அப்புறம் கைதட்டல், நெடுநேரம்.

என் பக்கத்து நாற்காலியில் அவர்
தட்டவில்லை.
அண்ணாந்து
அரங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.