முப்பத்தைந்தரை இஞ்ச்

தோஹாவிலிருந்து வீடியோவில் ஸ்டார்வின்:
"வெள்ளை குவார்ட்ஸ் போடு, பளிச்சுன்னு இருக்கும்."
அங்கே யார் வீட்டு அடுக்களையையோ பார்த்திருக்கிறான்.

தக்கலைக் கடையில்
உள்ளங்கை அளவு ஒரு துண்டு தந்தார்கள்.
அதன்மேல் சாளைக் குழம்பு ஒரு கரண்டி ஊற்றி
மூடாமல் வைத்துத் தூங்கினேன்.
காலையில் சோப்பு போட்டேன்,
எலுமிச்சை தேய்த்தேன்.
காமாலைக் கண்போல ஓரம் மஞ்சளாகவே நின்றது.
மரச்சீனி வெந்த பானையை இறக்கி வைத்ததும்
லேசாக ஒரு பிளாஸ்டிக் வாடை.
போட்டோ அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஆக, கறுப்பு கிரானைட்.
நனைத்துப் பார்த்து, தட்டிக் கேட்டு,
மூலையில் முடிபோல் ஓடிய விரிசலுக்காக
முதல் பலகையைத் திருப்பி அனுப்பி
கடைக்காரரிடம் கெட்ட பெயரும் வாங்கியாயிற்று.

நாலு பேர் செங்குத்தாகத் தூக்கி வந்தார்கள்.
நிலையைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
"முப்பத்திரண்டு இஞ்ச்," என்றார் மேஸ்திரி செல்வமணி,
"எல்லா வீட்டுக்கும் அதுதான் கணக்கு."

பதினோரு வருடம் வாடகை வீட்டில்
அந்தக் கணக்குக்குத்தான் குனிந்தேன்.

இல்லாத வெங்காயத்தைக் காற்றில் நறுக்கியபடி நின்று
முழங்கைக்குக் கீழே டேப் பிடிக்கச் சொன்னேன்.
முப்பத்தைந்தரை.
"நாளைக்கு மருமவ வந்தா எட்டாதே?"
"அவ வந்து இடிச்சுக் கெட்டட்டும்."

சிங்குக்கு அறுத்த சதுரத்தை வண்டியில் ஏற்றப் போனார்கள்.
அதற்கும் காசு கொடுத்திருக்கிறேன்.
பின்வாசலில் கிடக்கிறது, மீன் வெட்ட.

ராத்திரி ஸ்டார்வின் கேட்டான்:
"ஒண்ணும் தெரியலியே, லைட்டைப் போடு."
போட்டுத்தான் இருந்தது.
கல்லின்மேல் நீளமாகக் கிடந்தது.