அரை டிகிரி

சரவணம்பட்டி, ஏழாம் மாடி.
நாற்பத்தொரு பொத்தானை ஆறாக்கி
கேக் வெட்டினோம்.

மறுநாள் திருப்பூரிலிருந்து துளசிமணி,
மார்க்கர் போடுகிறவர்:
"ஏனுங்க, அந்த அரை டிகிரிய
எங்கீங்க ஒளிச்சு வெச்சீங்க?"

"அதை யாருங்க தொடுவாங்க?"

"நாந்தானுங்க. தெனமும்.
பனியன் துணி நேராவா வருது?
அரை டிகிரி சாய்ச்சுப் போட்டா
ரோலுக்கு ரெண்டு உருப்படி மிச்சமுங்க."

பின்னால் கட்டிங் மெஷின் இரைந்தது.
நேற்று சேர்ந்த பையன்
ஆறு பொத்தானில் அதற்குள் வேலை பழகிவிட்டானாம்.
"அவனுக்கு இது போதுமுங்க," என்றார்.
"இப்போதைக்கு."

ராத்திரி, ஆறாம் பொத்தானின் மூலையில்
கடுகளவு முக்கோணம் ஒன்று வைத்தேன்.
தேடாதவர் கண்ணை உறுத்தாது.
துளசிமணிக்கு அதுவும் வேண்டாம்:
பழைய எஃப் ஒன்பதில்
விரல் தானாகப் போய் உட்காரும்.

மூன்றாம் வாரம் பதிவுகளைப் பார்த்தேன்.
முக்கோணம் ஒரே ஒரு தடவை திறந்திருக்கிறது.
இரவு பதினொன்று நாற்பது.
பையனின் லாகின்.